புதுமனைப் படுக்கையறைகளும் மின்சுற்றுத் திட்டமும்

வீடு கட்டுவோர் நிலையம் எடுப்பித்து, நாள் பார்த்து, அத்திவாரக் கல் நாட்டுவது முதற் குடிபுகும் நாள்வரை எத்தனையோ செய்திகளை ஆராய்ந்து முடிவு செய்வர். வாயில் எத்திசை நோக்குவது, கிணறு எம்மூலையில் அமைவது, சமையலறை எங்கிருப்பது என்பனவெல்லாம் பலரோடு கலந்து தீர்மானிக்கப்படுவன. மின்சாரம் மாத்திரம் பெரும்பாலும் இறுதியிலேயே நினைக்கப்படுகின்றது. சுவர் எழும்பிக் கூரையும் ஏறிய பின்னர் மின்னிணைப்பாளர் வந்து, "எங்கெங்கே என்னென்ன வேண்டும்?" என வினவுகின்றார். வீட்டுக்காரரும் வெற்றுச் சுவர்களைச் சுற்றிப் பார்த்து, கதவருகே ஓர் ஆளி, நடுவில் ஒரு மின்குமிழ், ஒரு விசிறி, எதிர்ச்சுவரில் ஒரு குதை எனச் சொல்லி முடிக்கின்றார். ஐம்பது ஆண்டு நிற்கவேண்டிய ஓர் ஏற்பாடு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது.

ஏனைய அறைகளுக்கு இஃது ஓரளவு போதுமாயினும் படுக்கையறைக்குப் போதாது. சமையலறையில் ஒரு குதை கருகினால் அங்கு நிற்பவர் மணத்தாலும் புகையாலும் உடனே அறிவர். படுக்கையறையிலோ மனிதர் நாளில் மூன்றிலொரு பங்கைக் கண் மூடியே கழிக்கின்றனர். பஞ்சு மெத்தை, தலையணை, நுளம்பு வலை, யன்னற்சீலை என எளிதிற் பற்றுவனவும் அங்கேயே மிகுதி. குழந்தைகளும் முதியோரும் நோயாளரும் இருளில் எழுந்து நடமாடும் இடமும் அதுவே. ஆதலின் அவ்வறையின் மின்சுற்றை வகுக்குமிடத்து, எவ்வளவு மின் வேண்டும் என்பது இரண்டாவது வினாவாகும். நள்ளிரவில் ஒன்று பழுதுறின் அதனோடு வேறு எவையெவை அணைந்துவிடும் என்பதே முதல் வினா.

மின்சுற்று என்பது யாது? பரம்பற்பெட்டியிலிருந்து புறப்படும் உயிர்க்கம்பி வழியே சென்ற மின்னோட்டம், விளக்கிலோ விசிறியிலோ தன் தொழிலைச் செய்து, நொதுமற்கம்பி வழியே மீளும் பாதையே சுற்றெனப்படும். மூன்றாவதாகிய புவிக்கம்பி வழமையான நேரத்தில் மின்னைச் சுமப்பதில்லை. பழுது நேர்ந்தவிடத்தே அதற்கு வேலை. ஒவ்வொரு சுற்றின் தலைவாயிலிலும் ஒரு சுற்றுடைப்பான் காவல் நிற்கும். முன்னாளில் அவ்விடத்தில் உருகி இருந்தது. குறித்த அளவினும் மிகுந்த ஓட்டம் சென்றால் உருகியின் கம்பி உருகி அறும். சுற்றுடைப்பானோ தானே விழுந்து சுற்றைத் திறக்கும். பாடநூல்கள் ஆளி என்பதனை வீட்டாரும் கடைக்காரரும் சுவிச்சு என்றே வழங்குகின்றனர். சுற்றை ஆள்வது என்னும் பொருளில் ஆளி அழகிய சொல்லேயெனினும், கடையிற் கேட்பதற்குச் சுவிச்சே உதவும்.

திட்டமிடல் தொடங்கவேண்டிய இடம் கட்டிலாகும். வீட்டுப்படத்தில் வாயிலும் யன்னலும் வரையப்பட்டிருக்கும், கட்டில் வரையப்பட்டிராது. ஆயினும் கட்டில் எங்கு வருமென்பதை முன்னரே அறிவது அரிதன்று. வடக்கே தலைவைத்துப் படுத்தல் ஆகாது என்பது நம்மவர் வழக்கமாதலின் வடசுவர் நீங்கும். வாயிலுள்ள சுவரும் பெரிய யன்னலுள்ள சுவரும் தலைமாட்டுக்கு ஒவ்வா. அலுமாரிக்கு ஒரு சுவர் வேண்டும். பன்னிரண்டு அடிச் சதுரமான ஓர் அறையில் இவற்றைக் கழித்துப் பார்த்தால் தலைமாட்டுக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஒரே சுவர்தான். அச்சுவரைப் படத்திற் குறித்து, கட்டிலின் நீள அகலங்களையும் வரைந்துவிட்டால் ஏனையவை தாமே தமக்குரிய இடங்களில் அமையும். கட்டிலின் இருபுறத்தும் ஒவ்வொரு குதை, கட்டிற் பலகையால் மறைபடாத உயரத்தில் வேண்டும். படிக்கும் பிள்ளையின் மேசைக்கு ஓர் இரட்டைக் குதை, அலுமாரிக் கண்ணாடியருகே ஒன்று, கால்மாட்டுப் பக்கத்தில் மேசை விசிறிக்கென ஒன்று. நுளம்பு வலை கூரை விசிறியின் காற்றைப் பெரிதும் தடுத்துவிடுவதால், வலைக்குள் உறங்குவோர் பலர் மேசை விசிறியையே நாடுவர் என்பதை மின்னிணைப்பாளர் அறிந்திருக்க நியாயமில்லை, வீட்டுக்காரரே சொல்லவேண்டும்.

இவ்வாறு ஆறு குதைகள் கேட்பவரைச் செலவாளி எனக் கருதுவோர் உளர். மெய்யான செலவு குதை குறைந்தவிடத்தேதான் நேருகின்றது. ஒரு குதை மட்டுமுள்ள அறையில் நீட்டுக்கம்பி வந்துசேரும். அதன் மறுமுனை கட்டிலின் கீழோ பாயின் கீழோ ஓடும். மலிவான நீட்டுக்கம்பிகளின் உட்கம்பி மிக மெல்லியது. அதில் 1,000 வாற்று அழுத்திப்பெட்டியையும் 2,000 வாற்றுக் கேத்திலையும் ஒருங்கே இணைப்போமாயின், 230 வோல்ற்றில் முறையே 4.3 அம்பியரும் 8.7 அம்பியருமாக 13 அம்பியர் ஓட்டம் செல்லும். கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன் என்பது யூலின் விதி. ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்கு மடங்காகும்; மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும். சுற்றின் தலைவாயிலிலுள்ள 20 அம்பியர்ச் சுற்றுடைப்பான் இதைப் பொருட்படுத்தாது. அது காப்பது சுவருக்குட் செல்லும் தடித்த கம்பியையேயன்றிக் கட்டிலின் கீழ்க் கிடக்கும் மெல்லிய கம்பியையன்று. சுவரின் கம்பி குளிர்ந்திருக்க, பாயின் கீழ்க் கம்பியின் உறை இளகும்.

இக்குறையை நீக்கும் நோக்கமும் கொண்டே 13 அம்பியர்ச் சதுரமுனைச் செருகி பிரித்தானியாவிற் பிறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், போரின் பின் கட்டவிருக்கும் வீடுகளின் மின்னமைப்பை ஆராய்ந்த குழுவொன்று 1944இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அக்குழுவில் இருந்த ஒரே பெண், பொறியியற்றுறையிற் பெண்களின் உரிமைக்கு உழைத்த கரோலைன் ஹாசிலெற்று அம்மையார். 1947இல் வெளிவந்த நியமத்தின்படி அமைந்த செருகிக்குள்ளேயே ஓர் உருகி இருக்கும். ஆகவே செருகியோடு இணைந்த மெல்லிய கம்பிக்கும் தனிக் காவல் கிடைத்தது. மேசை விளக்குக்கு 3 அம்பியர் உருகியும் அழுத்திப்பெட்டிக்கு 13 அம்பியர் உருகியும் இடுவது முறை. மேலும், புவிமுனை ஏனைய இரண்டினும் நீண்டது. அது முதலில் நுழைந்து உள்ளே மூடியைத் திறந்தாலன்றி உயிர்த்துளைகள் திறவா. குழந்தை ஆணியைச் செருகுவதைத் தடுப்பதற்கே இவ்வேற்பாடு. இலங்கையில் இன்று இதுவே தேசிய நியமமாகும். இருந்தும் இருமுனைச் செருகியொன்றை நுழைப்பதற்காகப் பேனையால் மேற்றுளையைக் குத்தித் திறக்கும் பழக்கம் நம் வீடுகளிற் பரவலாக உண்டு. பெற்றோர் செய்வதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கின்றது என்பது ஒருபுறமிருக்க, அவ்வாறு நுழைத்த செருகி தளர்ந்து நின்று பொறி தட்டிக் குதையைக் கருக்கும் என்பதும் நினைக்கத்தக்கது.

அதே காலத்திற் பிரித்தானியாவில் வளையச்சுற்று என்னும் முறையும் வந்தது. பெட்டியிலிருந்து புறப்பட்ட கம்பி குதைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு மீண்டும் பெட்டிக்கே வந்து சேர்வது அது. ஒவ்வொரு குதைக்கும் இருவழியாலும் மின் வருதலின் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியைக் கொண்டே 32 அம்பியர்ச் சுற்று அமைக்கலாம், செப்புச் சிக்கனமாகும். ஆயினும் படுக்கையறைகளுக்கு இம்முறையை விதந்துரைத்தல் இயலாது. வளையத்தில் ஓரிடத்திற் கம்பி அறுந்தாலும் எல்லாக் குதைகளும் வழமைபோல் இயங்கும், ஒருவரும் அறியார். அதன்பின் முழுச்சுமையும் ஒரே பக்கக் கம்பியில் ஏறும். 32 அம்பியர்ச் சுற்றுடைப்பானோ அதைக் கண்டுகொள்ளாது. ஆரைச்சுற்றில், அதாவது சென்ற கம்பி கடைசிக் குதையோடு நின்றுவிடும் சுற்றில், கம்பி அறுந்தால் அப்பாலுள்ள குதைகள் உடனே செயலிழந்து பழுதை அறிவிக்கும். உறங்குமிடத்துக்குத் தன் பழுதைத் தானே சொல்லும் சுற்றே தக்கது. 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் 20 அம்பியர்ச் சுற்றுடைப்பானும் கொண்ட ஆரைச்சுற்றொன்று 4,600 வாற்றுத் தாங்கும். இரண்டு படுக்கையறைகளின் குதைகளுக்கு இது தாராளம். குளிரூட்டி வைக்கும் எண்ணமிருப்பின் அதற்குப் பெட்டியிலிருந்தே தனிச்சுற்று வேண்டும். இப்பொழுது பணமில்லாவிடினும் வெறுங்குழாயையேனும் சுவருக்குள் இட்டுவைத்தல் நன்று.

விளக்குச் சுற்றுக்கு வருவோம். இன்றைய ஒளிகாலும் இருவாயிக் குமிழ் 9 வாற்றில், முன்னாளைய 60 வாற்றுக் குமிழின் ஒளியைத் தருகின்றது. ஓர் அறைக்கு இரண்டு குமிழும் 75 வாற்று விசிறியுமாக நூறு வாற்றுக்குள் அடங்கும். மூன்று அறைகளுக்கும் 300 வாற்று. 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் 6 அம்பியர்ச் சுற்றுடைப்பானும் உள்ள ஒரு சுற்று 1,380 வாற்றுத் தாங்குமாதலின், முழுவீட்டின் விளக்குகளையும் ஒரே சுற்றில் அடக்கிவிடலாம் என்று கணக்குக் கூறும். அவ்வாறே பல வீடுகளில் அடக்கியும் விடுகின்றனர். விறாந்தை விளக்கின் தாங்கிக்குள் மழைநீர் இறங்கிச் சுற்றுடைப்பான் விழுந்தால், மூன்று அறைகளும் நடைவழியும் மலசலகூடமும் ஒரே கணத்தில் இருளும். முட்டு வருத்தமுள்ள முதியவரொருவர் அவ்வேளை எழுந்திருப்பின் அவர் பாடு எப்படியாகும்? ஆதலின் படுக்கையறை விளக்குகள் ஒரு சுற்றிலும், நடைவழி, மலசலகூட விளக்குகள் வேறொரு சுற்றிலும், வெளிவிளக்குகள் பிறிதொன்றிலும் இருத்தல் வேண்டும். அறை இருண்டால் நடைவழியில் ஒளி இருக்கும். நடைவழி இருண்டால் அறைக் கதவைத் திறந்துவைக்கலாம். குதைகளின் சுற்று விளக்குச் சுற்றினின்றும் வேறாயிருக்க வேண்டுவதும் இதே காரணத்தினாலேயாம்: அழுத்திப்பெட்டி பழுதான இராவில் விளக்கு எரியவேண்டும்.

இனி, உயிரோடு நேரே தொடர்புடைய பகுதி புவித்தொடுப்பு. சில நாடுகளில் மின்வழங்கும் நிறுவனமே புவிக்கம்பியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும். இலங்கையில் அவ்வாறன்று, வீட்டுக்காரர் தம் வளவிலே கோலொன்றை நிலத்தில் இறக்கித் தாமே புவித்தொடுப்பை அமைத்துக்கொள்ளவேண்டும். அதன் தடை மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பலவிடங்களிற் செம்மண் சில அடிகளே. அதன்கீழ் சுண்ணக்கற் பாறை. மாரியில் நனைந்து நல்ல தொடுப்பாக விளங்கும் கோல், சோளகக் காலத்து வறட்சியில் அவ்வளவு நல்லதாயிராது.

அத்தடை 20 ஓம் எனக் கொள்வோம். அழுத்திப்பெட்டியின் உள்ளே உயிர்க்கம்பி உறையிழந்து உலோகவுடலைத் தொட்டுவிடுகின்றது. ஓட்டம் புவிக்கம்பி வழியே மண்ணுக்குச் செல்லும். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 அம்பியர். குதைச் சுற்றின் சுற்றுடைப்பானோ 20 அம்பியருக்கு உரியது. ஆகவே அது விழாது. புவித்தொடுப்பு இருக்கின்றது, சுற்றுடைப்பான் இருக்கின்றது, இரண்டும் பழுதற்றவை. எனினும் அழுத்திப்பெட்டியின் உடல் உயிர்நிலையிலேயே நின்று தொடுபவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். புதுவீடு கட்டுவோர் பலர் அறியாத உண்மை இது. "எர்த்து அடித்திருக்கின்றது" என்பதனால் மட்டும் ஒருவர் நிம்மதியடைதல் தகாது.

இவ்விடைவெளியை அடைப்பதே மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். மக்கள் 'றிப் சுவிச்சு' என்பது இதனையே. கணக்குப்பிள்ளை வரவையும் செலவையும் ஒப்பிடுவதுபோல, இது உயிர்க்கம்பியாற் சென்ற ஓட்டத்தையும் நொதுமற்கம்பியால் மீண்ட ஓட்டத்தையும் இடைவிடாது ஒப்பிடுகின்றது. இரண்டும் சமனாயின் வாளாவிருக்கும். சென்றதிற் சிறிது குறைந்து மீளுமாயின், குறைந்த பகுதி வேறெங்கோ, ஒருவேளை ஒரு மனிதவுடலின் ஊடாக, மண்ணுக்குச் செல்கின்றது என்பது பொருள். வீடுகளுக்குரிய கருவி 30 மில்லியம்பியர் வேறுபாட்டில், ஒரு செக்கனின் சிறு பகுதியுள், மின்னைத் துண்டிக்கும். மேற்சொன்ன புவித்தடை 20 ஓமன்றி 1,000 ஓம் ஆயினுங்கூட 230 மில்லியம்பியர் செல்லும். அது 30இன் ஏழு மடங்குக்கும் மேலாதலின் இக்கருவி தப்பாது விழும். அதனால் ஆகாததும் உண்டு. மரக்கட்டிலில் இருந்துகொண்டு ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறுகையால் நொதுமற்கம்பியையும் தொடுபவரை அது விளக்கென்றே எண்ணும், காவாது. மிகைச்சுமையையும் அது அறியாது. ஆகவே இருவகைச் சுற்றுடைப்பான்களும் வேண்டும்.

இக்கருவிமேல் மக்களுக்குள்ள மனக்குறை, அஃது அடிக்கடி விழுகின்றது என்பதே. மழையிரவில் முழுவீடும் இருளும். வீட்டுக்காரர் மூன்று முறை தூக்கிவிட்டுப் பார்த்து, நான்காம் முறை அயலிலுள்ள ஒருவரை அழைப்பார். அவர் அதனைக் கடந்து ஒரு கம்பியை நேரே இணைத்து விளக்கை எரியவிட்டுச் செல்வார். நன்றியும் பெறுவார். காவலன் குரைக்கின்றான் என்று காவலனையே கட்டிவைத்த கதை இது. பெரும்பாலும் விழுவதற்குக் காரணம் படுக்கையறையில் இருப்பதில்லை. ஈரம் ஏறிய வெளிவிளக்கு, கிணற்றடி நீரிறைக்கும் மோட்டர், குளியலறைச் சுடுநீர்க் கருவி ஆகியவற்றிலேயே இருக்கும். இவற்றை ஒரு மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானின் கீழும், படுக்கையறைகளையும் நடைவழியையும் மற்றொன்றின் கீழும் பிரித்துவிட்டால், கிணற்றடிப் பழுது கட்டிலடியை எட்டாது. புதுவீட்டில் இரண்டாவது கருவிக்காகும் செலவு ஒரு கதவின் செலவிலும் குறைவு. பழைய வீட்டில் இவ்வாறு பிரிப்பதோ பெருவேலையாகும். அக்கருவியிற் சோதனைப் பொத்தானொன்று உண்டு. அதனை மாதமொருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழாதது பெட்டிக்குள் இருந்தும் இல்லாததே.

பிரிக்குமிடத்து ஓர் எச்சரிக்கை. மாடிவீடுகளிற் படிக்கட்டு விளக்குக்கு உயிர்க்கம்பியைக் கீழ்மாடிச் சுற்றிலும் நொதுமற்கம்பியை மேன்மாடிச் சுற்றிலும் எடுக்கும் சோம்பல் சிலரிடம் உண்டு. விளக்கு எரியும். ஆனால் ஒரு சுற்றை நிறுத்திவிட்டு வேலை செய்பவரின் கையில் இரவல் வாங்கிய நொதுமற்கம்பி அடித்துவிடும். இரண்டு மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான்கள் உள்ள வீட்டில் விளக்கைப் போட்ட கணமே அவை விழும்.

சிறியனவாயினும் நாள்தோறும் உணரப்படுவன சில உள. விளக்கின் ஆளி கதவின் பிணைச்சற் பக்கத்தில் அமையுமாயின் திறந்த கதவின் பின்னே மறைந்துவிடும்; பூட்டுப் பக்கத்திலேயே அமையவேண்டும். கதவருகே ஒன்றும் தலைமாட்டில் ஒன்றுமாக இருவழி ஆளிகள் வைத்தால் எங்கிருந்தும் விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம். இவற்றுக்கிடையே கூடுதலாக இரு கம்பிகள் ஓடவேண்டும். பூச்சுக்கு முன்னராயின் இதற்குச் செலவு சொற்பம். ஆளி எப்பொழுதும் உயிர்க்கம்பியிலேயே இருத்தல் வேண்டும். நொதுமற்கம்பியில் இருந்தாலும் விளக்கு அணையும். ஆனால் அணைந்த விளக்கின் தாங்கியில் உயிர் நிற்கும், குமிழ் மாற்றுபவர் அறியார். விசிறிக்குரிய கொளுக்கி கொங்கிறீற்று இடும் பொழுதே கம்பிக்கூட்டோடு பிணைக்கப்படுவது. விசிறியின் அலகுகள் நிலத்திலிருந்து ஏழடிக்குக் குறையாத உயரத்திற் சுழலவேண்டும். விளக்கை அலகுகளுக்கு மேலே பொருத்தினால் ஒளி வெட்டி வெட்டி விழுந்து படிப்போர் கண்ணை வருத்தும். ஆகவே விளக்குச் சுவருக்குரியது.

மின்வெட்டையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும். 1990களிற் குடாநாட்டு மக்கள் பல்லாண்டு போத்தல் விளக்கோடு வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின் தடைப்பட்டது. அக்காலத்தில் மின்கலத்தோடு கூடிய மாற்றியை வாங்கிய பலர், அதை எங்கே இணைப்பதென அறியாது தடுமாறினர். விளக்கும் குதையும் கலந்த சுற்றில் அதனை இணைத்தால் யாரோ ஒருவர் கேத்திலைப் போட மின்கலம் வற்றிவிடும். படுக்கையறை விளக்குகளும் விசிறிகளும் தனிச்சுற்றாக இருந்த வீடுகளில் அச்சுற்றை மட்டும் மாற்றியோடு இணைப்பது எளிதாயிற்று. 300 வாற்றுச் சுமையைச் சிறு மாற்றியே தாங்கும்.

கம்பி செல்லும் குழாய்கள் சுவரில் நேர்மேலாகவோ நேர்கிடையாகவோ செல்லவேண்டும். குறுக்கு வழி ஆகாது. சாமிப்படம் மாட்ட ஆணியறைபவர், ஆளிக்கும் குதைக்கும் நேர்மேலே குழாய் உண்டு என ஊகித்து விலகுவார். சரிவாகச் சென்ற குழாயை ஊகிக்க வழியில்லை. பூச்சு வேலை தொடங்குவதற்கு முதனாள் ஒவ்வொரு சுவரையும், குழாய்கள் தெரியும் நிலையில், அளவுநாடாவைப் பக்கத்திற் பிடித்துக்கொண்டு கைபேசியாற் படமெடுத்து வைத்தல் நன்று. எச்சுற்று எவ்வறைக்கு உரியது என்பதைப் பரம்பற்பெட்டியின் மூடிக்குள் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். இருளிற் கைவிளக்கோடு வந்து பார்ப்பவர் வீட்டுக்காரராயன்றி அவர் பிள்ளையாயும் இருக்கலாம். சுற்றுக்களின் வரைபடமொன்றைக் காணி உறுதியோடு ஒரே உறையில் இட்டு வைத்தால், பின்னாளில் வீட்டை வாங்குபவருக்கும் அது போய்ச் சேரும்.